காதர் பாயிடம் மறைத்த பீர்

அன்று மதியம் அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காதர் பாய். அறை அவர் பெயரில்தான் இருந்தது. இன்னொருவர் அவர் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஏசி மெக்கானிக், பெஷாவர்காரர். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கான் பாய்.

இல்லாதவர்களும் இரண்டு பேர். எங்கள் அறையின் முருகேசன் அண்ணன் மலையில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். ரத்தினம் அண்ணை ஹோட்டல் பாரில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் அறைக்காரர் இல்லை. ஆனால் அலமாரிக்குள் இருந்தவை அவருடைய போத்தல்கள்.

நான் இருந்தேனா இல்லையா என்று சொல்வது கஷ்டம். டூட்டி முடிந்து வந்து, வராந்தாவில் குனிந்து சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சத்தம் கேட்டபோது கீழே ஏதோ லாரிக்கு டயர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அமீரகத்தில், ராஸ் அல் கைமாவின் ஜூலை மாதத்தில் அது சாதாரணம். இரண்டாவது சத்தம் எங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஒரு காலில் ஷூவோடு கதவைத் தள்ளினேன். முகத்தில் அடித்தது அனல். சுவரில் ஏசி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியே வெயில் நேராக முருகேசன் அண்ணனின் அலமாரிமேல் விழுந்துகொண்டிருந்தது. கான் பாய் ஸ்க்ரூ டிரைவரோடு கட்டில்மேல் நின்றிருந்தார். அலமாரிக் கதவின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் நுரை வழிந்து, தரையில் மடித்து வைத்திருந்த தொழுகை விரிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

காதர் பாய் விரிப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, உள்ள என்ன வச்சிருக்கிய?"

மூன்றாவது போத்தல் வெடித்தது.

மலையடி கிளப்

இதைச் சொல்ல வேண்டுமானால் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிமென்ட் ஆலைக்கும் கல் குவாரிக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஹோட்டல். அதன் பெயர் அதுவரை இரண்டு தடவை மாறியிருந்தது. போர்டு மாறும், உள்ளே ஒரு நாற்காலிகூட மாறாது. தரைத்தளத்தில் இருந்த பாரை எங்கள் ஆட்கள் ஹோட்டல் பெயரால் சொன்னதே இல்லை. "கிளப்புக்கா?" என்பார்கள். ஏன் கிளப் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

தாழ்ந்த கூரை. அம்பு இல்லாத டார்ட் போர்டு. சுவரில் ஒரு பாடம் செய்த ஹமூர் மீன், அதன் ஒரு கண் எப்போதோ விழுந்து, அந்த இடத்தில் யாரோ பீர் மூடியை ஒட்டியிருந்தார்கள். பினாயிலும் பழைய பீரும் கலந்த வாசனை. கூடவே கறிவேப்பிலை போட்டு வறுத்த கடலையின் வாசனை, சமையல்காரர் பாலக்காட்டுக்காரர். டிவிக்குப் பக்கத்தில் மலையாளிகள். கவுன்டர் ஓரத்தில் நேபாளிகள். டார்ட் போர்டுக்குக் கீழே நாங்கள்.

நான் முதன்முதலாக அங்கே போன நாளில் லைம் சோடா குடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்குக் கல் ஏற்றியவர். அந்தக் கல்லைப் பொடித்து அதில் என்ன எத்தனை சதவீதம் என்று பார்க்கிற லேபில் எனக்கு வேலை. படித்த பிள்ளை பாரில் உட்கார்ந்திருக்கிறானே என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முதுகு கூசியது. யார் பார்ப்பார்கள்? எல்லோரும்தான் உள்ளே இருந்தார்கள்.

"ஏலே லேபு," என்றார் முருகேசன் அண்ணன். தென்காசிக்காரர், எனக்கு அந்தப் பெயர் வைத்தவர். "கெமிஸ்ட்ரி படிச்சவன் பாட்டில் லேபிள வாசிச்சிக்கிட்டே இருப்பாம்போல. குடிக்கதுக்கு எங்கள மாதிரி படிக்காதவன்தான் வேணும்."

கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெரியவர் சிரிக்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரை என் முன்னால் வைத்தார். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் தண்ணீர்தான் வைப்பார்.

"தாகத்துக்கு இதைக் குடியும் தம்பி. மற்றது கவலைக்கு. ரெண்டையும் குழப்பக் கூடாது."

அவர்தான் ரத்தினம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, காதோரம் மட்டும் நரை. ஹோட்டலின் மூன்று பெயர்களிலும் அங்கே வேலை பார்த்த ஒரே ஆள்.

நீல டிரம்

கிளப் என்ற பெயரின் கதையை அவர்தான் சொன்னார், கூட்டமில்லாத ஒரு சாயங்காலத்தில்.

ஹோட்டல் கட்டுவதற்கு முன்னால் அங்கே குவாரிக் கம்பெனியின் போர்ட்டா கேபின்கள் இருந்தனவாம். அதில் ஒன்று, வெளிநாட்டு என்ஜினியர்களுக்கான ஸ்டாஃப் கிளப். ஊரில் சண்டை நடந்த காலத்தில், பத்தொன்பது இருபது வயதில், அந்த கேபினைக் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தவர் ரத்தினம் அண்ணை.

"எனக்கு அப்ப மீசைகூட வடிவா முளைக்கேல்லைத் தம்பி. இங்கிலீசில 'யெஸ் சேர்' மட்டும்தான் தெரியும். அதை வச்சுத்தான் ஒரு வருசம் ஓட்டினனான்."

மலையில் வெடி வைக்கிற என்ஜினியர் ஒருவர், ஆலன் என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கே பீர் வருவது கஷ்டம், வந்தாலும் வெயிலில் நின்று கெட்டுப்போய் வரும். ஆலன் தன் ஊரிலிருந்து, முளைகட்டின பார்லியில் செய்கிற மால்ட் பாகை டின் டின்னாக வரவழைத்து, கேபினுக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் தானே பீர் காய்ச்ச ஆரம்பித்தார். தண்ணீரைக் கொதிக்க வைப்பது, பாகைக் கரைப்பது, ஈஸ்ட் போடுவது எல்லாம் ஆலன். டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, அது காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது ரத்தினம் அண்ணை. ஆலன் லீவில் போன ஒரு கோடையில் முழு வேலையும் இவர் கைக்கு வந்தது. திரும்பி வந்த ஆலன் குடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் நீயே செய் என்று சொல்லிவிட்டாராம்.

"அதுக்கெல்லாம் அனுமதி இருந்துதா அண்ணை?" என்று கேட்டேன்.

"கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தால்தானே தம்பி அனுமதி. சுத்திவர மலை. மலைக்கு ஒரு ஆடு. ஆடு கேக்குமோ?"

ஒரு வருஷம் மால்ட் டின் வரவில்லை. கப்பல் தாமதம். டிரம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், இருந்த கொஞ்ச மால்ட்டோடு பேரீச்சம்பழப் பாகைக் கலந்து பார்த்திருக்கிறார் ரத்தினம் அண்ணை. கறுப்பாக, கடைசியில் லேசாகக் கசந்து, நன்றாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு மால்ட் வந்தபோதும் என்ஜினியர்கள் அதைத்தான் கேட்டார்களாம்.

அவர் சொன்னதில் எனக்கு இன்னொன்றும் நினைவிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றிலிருந்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்தவர் ஒரு பட்டாணியர். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். அவருக்கு ரத்தினம் அண்ணை முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: இந்தத் தண்ணீர் இதற்குத்தான். அந்த மனிதர் யோசித்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருவது என் வேலை, அதற்கு மேல் உன் கணக்கு என்றாராம். ஒவ்வொரு டிரம் திறக்கும்போதும் அவருக்கு ஒரு பெரிய கிளாஸில் எலுமிச்சைச் சாறு தனியாக எடுத்து வைப்பார்கள். உப்பு கரிக்காத கிணறு எது என்று தேடிப் போய் எடுத்து வந்தவரும் அவர்தான்.

ஹோட்டல் வந்தது, லைசென்ஸ் வந்தது, பெட்டி பெட்டியாக பீர் வந்தது. நீல டிரம்மில் மிளகாய்ச் செடி வளர்த்தார்கள். ரத்தினம் அண்ணை மூடி திறக்கிற ஆளானார்.

"காகிதத்தை நான் குடிக்க முடியாது"

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஹோட்டலை ஒரு புதுக் கம்பெனி வாங்கியது. நான்காவது பெயர். கிளப்பை இடித்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டி வைத்து, அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற மாதிரி செய்யப் போகிறார்கள், லைசென்ஸும் கிடைத்துவிடும் என்று பேச்சு. பழைய ஆட்களுக்கு மாதக் கடைசியோடு விசா ரத்து.

ரத்தினம் அண்ணைக்கு அறுபதை நெருங்கிய வயது. ஒரே மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இந்த வயதில் வேறெங்கும் புது விசா கிடைக்காது. இருக்கிற இடத்திலேயே ஒட்டிக்கொண்டால்தான் உண்டு.

"அண்ணை, நீங்கதான் பீர் காய்ச்சத் தெரிஞ்ச ஆளாச்சே," என்றேன் ஒரு நாள். எனக்கே அப்போதுதான் தோன்றியது.

அவர் துணியை உதறி மடித்தார். "தெரிஞ்சு என்ன? அதுக்குப் பேப்பர் வேணும் தம்பி."

பேப்பர் எழுதுவது என் வேலை. எங்கள் கட்டடத்தில் பாதிப்பேரின் லீவு லெட்டர் நான் எழுதியதுதான். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவருடைய கதையை இங்கிலீஷில் எழுதினேன். நீல டிரம், ஈரச் சாக்கு, பேரீச்சம்பழப் பாகு எல்லாவற்றையும் போட்டேன்.

புது மேலாளர் ஒரு உயரமான வெளிநாட்டுக்காரர். நின்றபடியே படித்தாராம். சிரித்தாராம். "கதை நன்றாக இருக்கிறது. ஆனால் காகிதத்தை நான் குடிக்க முடியாது," என்றாராம். மாதக் கடைசியில் ஆட்களை முடிவு செய்கிறேன், அதற்குள் எனக்குக் குடித்துப் பார்க்க ஏதாவது கொண்டுவா என்று தோளில் தட்டியிருக்கிறார்.

அதை விளையாட்டுக்குச் சொன்னாரோ, நிஜமாகச் சொன்னாரோ. ரத்தினம் அண்ணை நிஜமாக எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

ஆனால் எங்கே காய்ச்சுவது? ஹோட்டல் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் செக்யூரிட்டி படுக்கையைக்கூடத் தூக்கிப் பார்ப்பான். மாட்டினால் சும்மா விடமாட்டார்கள், நேராக போலீஸ்.

"எங்க ரூம்ல வைங்கண்ணே," என்றார் முருகேசன் அண்ணன். "ஏசி இருக்கு. எம் அலமாரிக்குப் பூட்டு இருக்கு. எனக்கு வாயும் பூட்டுதான்."

"காதர் நானா?" என்று கேட்டார் ரத்தினம் அண்ணை. அவர்கள் ஊரில் முஸ்லிம் பெரியவர்களை நானா என்பார்கள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மரியாதை

காதர் பாய் கீழக்கரைக்காரர். எங்கள் தெருமுனையில் சின்னப் பலசரக்குக் கடை. எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எந்த வேளைத் தொழுகையும் தவறாது. ஆனால் ஒரு நாளும் யாருக்கும் உபதேசம் சொன்னதில்லை.

எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. கிளப்புக்குப் போய் வந்தால் ஏலக்காய் மென்றுகொண்டு நேராகக் குளியலறைக்குப் போய்விடுவோம். குளித்துவிட்டு வந்துதான் அவரிடம் பேச்சு. அவரும் நாங்கள் குளிக்கிற நேரத்தில் சோற்றைச் சூடு பண்ணி மூடிவைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்களுக்குத் தெரியும் அவருக்குத் தெரியும் என்று. அது அவருக்கும் தெரியும். அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் இதையும் சொல்லவில்லை. மார்க்கத்தில் ஊறின மனிதர், அவர் பெயரில் இருக்கிற அறையில் பீர் என்று அவர் காதில் போடுவதே பாவம் என்று பட்டது. தெரியாமலே இருந்தால் அவருக்கு ஒரு குற்றமும் இல்லையே என்று முருகேசன் அண்ணன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

காதர் பாயின் சட்டிபானை எதையும் தொடக்கூடாது என்பது ரத்தினம் அண்ணை போட்ட முதல் நிபந்தனை. புதுசாக ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் வாங்கினோம். காதர் பாய் கடையில் இருந்த ஒரு காலை நேரத்தில், ரத்தினம் அண்ணை எங்கள் அடுப்படியில் நின்று காய்ச்சினார். கடையில் விற்கிற ஆல்கஹால் இல்லாத மால்ட் பானம், பேரீச்சம்பழப் பாகு, மலையாளி பேக்கரியில் வாங்கின ஈஸ்ட். ரொட்டி ஈஸ்ட் என்று அவர் முகம் சுளித்தார். வேறு கிடைக்காதே.

அவ்வளவு நாள் கவுன்டருக்குப் பின்னால் பார்த்த மனிதர் இல்லை அது. அடுப்புத் தணலைக் குறைத்தார், ஏற்றினார், பாத்திரத்தில் காது வைத்துக் கேட்டார்.

"என்ன அண்ணே, உள்ள யாரும் பேசுதாங்களா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"பேசுது. உம்மைப் பத்தித்தான். வாயை மூடச் சொல்லுது."

முதலில் ஒரு தண்ணீர் கேனில் அலமாரிக்குள் வைத்தோம். அறை முழுக்க ரொட்டிக்கடை வாசனை. "ரொட்டி ஏதும் வாங்கினியளா, வாசமா இருக்கே?" என்று கேட்ட காதர் பாய், எங்களுக்கு ஆசை போலிருக்கிறது என்று நினைத்து அந்த வெள்ளிக்கிழமை சுடச்சுட குபூஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்து, கம்பி மூடி போட்ட கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி அடைத்தோம். இனி குளிர்ச்சி மாறாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் ரத்தினம் அண்ணை. சூடு பட்டால்?

"பட்டால் போத்தல் தாங்காது."

அங்கேதான் ஒரு சிக்கல். கடைசியாக அறையை விட்டுப் போகிறவர் ஏசியை அணைக்க வேண்டும் என்பது காதர் பாயின் ஒரே சட்டம். கரண்ட் பில் அவர் பெயரில் வருகிறது. பெரும்பாலும் கடைசியாகப் போகிறவரும் அவர்தான்.

முருகேசன் அண்ணன் அதற்கும் வழி வைத்திருந்தார். "பாய், ஏசி கம்ப்ரஸர் மக்கர் பண்ணுது. அணைச்சா மறுபடி ஓடாதுங்கானுவ. பகல்லயும் ஓடட்டும். பில்லு கூடினா நாங்க பாத்துக்கிடுதோம்."

காதர் பாய் ஏசியை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? சத்தம் ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நாலைந்து நாள் ஏசி இராப்பகலாக ஓடியது.

கண்ணாடிக்கு ஹராம் இல்லை

அவர் சும்மா இருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட், சில நாள் ஓவர்டைமும் சேர்ந்து வீடு திரும்ப மதியமாகிவிடும். ஏசி நின்றுபோனால் இந்தப் பையன் பகலில் எப்படித் தூங்குவான் என்று அவருக்குக் கவலை. கான் பாயைத் தேடிப் பிடித்து, கடையை அடைத்துவிட்டு, நான் வருவதற்குள் சரி பண்ணிவிட வேண்டும் என்று காலையிலேயே கூட்டி வந்துவிட்டார். கான் பாய் ஏசியைச் சுவரிலிருந்து உருவி, கீழே பிக்கப் வண்டியில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெயிலில் காயப் போட்டிருந்தார். பழுது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, சுவரில் ஏசிச் சட்டத்தின் திருகுகளை முடுக்கத்தான் மேலே வந்திருக்கிறார்.

மூன்றாவது போத்தலுக்குப் பிறகு எண்ண முடியவில்லை. அலமாரிக் கதவு தாழ்ப்பாளோடு பிய்ந்து திறந்தது. துணிமணி, போர்வை, முருகேசன் அண்ணனின் பாஸ்போர்ட் ஃபோட்டோக்கள் எல்லாம் நுரையில் மிதந்தன. வாசனையே சொல்லிவிட்டது. கான் பாய் கட்டிலை விட்டு இறங்காமல், "யே க்யா ஹை, காதர் பாய்?" என்றார்.

காதர் பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரத்தினத்தோடதா?"

தலையசைத்தேன்.

வராந்தாவில் ஆள் கூடிவிட்டது. கீழிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தான், அவன் பின்னாலேயே கட்டட ஏஜென்ட். எகிப்துக்காரர், மூச்சு வாங்க வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். ஃபோன் கையில் இருந்தது. போலீஸுக்கு ஒரு அழைப்பு, அவ்வளவுதான். முருகேசன் அண்ணன், ரத்தினம் அண்ணை, நான், மூன்று பேரும் முடிந்தோம்.

காதர் பாய் விரிப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

"வினிகர்," என்றார். "பேரீச்சம்பழ வினிகர். கடைக்காக நான் போட்டது. சூட்டுல வெடிச்சிருச்சு. மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏஜென்ட் அவர் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த விரிப்பைப் பார்த்தார், நெற்றியில் இருந்த தொழுகைத் தழும்பைப் பார்த்தார். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொரு கோபம் பிடித்துக்கொண்டது. குடியிருக்கிற அறையில் கடைச் சரக்கு தயாரிப்பதா? ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், மாதக் கடைசிக்குள் காலி செய் என்று கத்திவிட்டுப் போனார். காதர் பாய் தலையைக் குனிந்து "சரி" என்றார்.

எல்லோரும் போன பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார்.

"நீங்க தொடாதீங்க பாய், நான் பண்றேன்," என்றேன்.

"கண்ணாடிக்கு ஹராமும் இல்ல, ஹலாலும் இல்ல தம்பி. கால்ல குத்தும். தள்ளு."

வடிகால்

நான் ஃபோன் பண்ணி, ரத்தினம் அண்ணை சாயங்காலம் ஓடி வந்தார். முருகேசன் அண்ணனும் வந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்த ஒரு பெட்டியில் ஆறேழு போத்தல்கள் உடையாமல் தப்பியிருந்தன.

"அண்ணே, தப்பிச்சது போதும். ரெண்டு போத்தல் போதும் மேலாளருக்கு," என்றார் முருகேசன் அண்ணன். "இப்பமே எடுத்துட்டுப் போயிருவோம்."

ரத்தினம் அண்ணை பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். காதர் பாய் வெளியே தொழப் போயிருந்தார்.

"வழியில ஆரும் மறிச்சால்? எங்கேயிருந்து எடுத்தனீ எண்டு கேட்டால்?" என்றார். "வீடு ஆரின்ர பேரில? அந்த மனுசன் எங்களுக்காகப் பொய் சொல்லிப்போட்டு நிக்குது. இஞ்ச ஒண்டும் இருக்கக் கூடாது தம்பி. ஒரு சொட்டும்."

"உங்க வேலை அண்ணை?" என்றேன்.

அவர் பெட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போனார். ஈரத் துணியைப் போர்த்தி ஒவ்வொரு கம்பி மூடியாகத் திறந்தார். கடைசிப் போத்தலில் மட்டும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்திருந்து, துப்பினார்.

"எப்படி இருக்கு அண்ணை?"

"இன்னும் ஒரு கிழமை கிடந்திருந்தால் சொல்லலாம்," என்றார். வடிகாலில் ஊற்றினார். கறுப்பாக, நுரையோடு சுழன்று போனது.

காதர் பாய் திரும்பி வந்தபோது முருகேசன் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பாய் சொல்லல."

"நான் குடிக்க மாட்டேன். அது எனக்கும் அல்லாவுக்கும்," என்றார் காதர் பாய். "ரூம்ல வைக்காதியன்னு சொல்லியிருப்பேன், அதுவும் நெசம். ஆனா ரத்தினத்தோட பொழப்பு இதுல இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சும்மா இருந்திருப்பேனா? நாலு பேரைப் பாத்திருக்க மாட்டேனா? அந்த மேலாளர்கிட்டயே போய் நின்னிருப்பேனே. இத்தன வருசமா ஒரே சட்டியில திங்கிறோம். என்னைப் பாத்தா ஒளிக்கணும்னு எப்படிப்பா தோணுச்சு?"

டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்த அந்தப் பட்டாணியர் கதையை நாங்கள் இரண்டு பேரும் கேட்டவர்கள்தான். சொன்னவரும் அங்கேதான் நின்றிருந்தார்.

மேஜைமேல் இரண்டு கிளாஸ்

மாதக் கடைசியில் ரத்தினம் அண்ணை மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் மறந்திருக்கவில்லை. மேஜைமேல் இரண்டு கிளாஸ் கழுவி வைத்திருந்தாராம்.

"கொண்டுவந்தாயா?"

"இல்லை சேர். கெட்டுப்போச்சு."

ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறார். தேதி தன் கையில் இல்லை என்றாராம் மேலாளர். நின்று கைகொடுத்தாராம். அந்தக் கைகொடுத்தலை ரத்தினம் அண்ணை எங்களுக்கு நடித்துக் காட்டினார். சிரிப்பு வர வேண்டும் என்றுதான் காட்டினார். கொழும்பு விமானத்துக்கு வழியனுப்பக் காதர் பாயும் வந்தார், மகளுக்கென்று பாதாமும் பிஸ்தாவும் ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு.

புது பாருக்கு முருகேசன் அண்ணனும் நானும் ஒரே ஒரு தடவை போனோம். கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள் பளபளத்தன. டார்ட் போர்டு இல்லை, மீன் இல்லை. பட்டியலில் பேரீச்சம்பழ பீர் என்று ஒன்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்த காகிதத்திலிருந்து வந்ததா என்று தெரியாது. பேரீச்சம்பழம் இந்த ஊரில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். முருகேசன் அண்ணன் ஒரு வாய் குடித்தார்.

"நல்லாத்தாம்ல இருக்கு," என்றார். மீதியைத் தள்ளி வைத்துவிட்டார். யாரும் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவில்லை; கேட்டால் பாட்டிலில் வந்தது.

இது பிற்பாடு. அதற்கு முன்னால், அறையைக் காலி செய்த நாள் ஒன்று இருக்கிறது. மூன்று பேரும் மூன்று இடத்துக்குப் போகிறோம். காதர் பாய் கடைக்குப் பின்னால், முருகேசன் அண்ணன் குவாரி கேம்புக்கு, நான் ஆலை கேம்புக்கு. பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்த பிறகு, ஏஜென்ட் பிடித்துக்கொண்டது எவ்வளவு என்று காதர் பாய் சொன்னார். டெபாசிட் திரும்ப வராது. ஒப்பந்தம் மீறியதற்கு ஒரு மாத வாடகை. அலமாரி, பெயின்ட், தரை.

"அதை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுதோம் பாய்," என்றார் முருகேசன் அண்ணன். "உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

"ரத்தினத்துக்கிட்ட யாரும் கேக்கப்படாது. அவன் வெறுங்கையோட போறான்," என்றார் காதர் பாய். "மூணாப் போடு தம்பி."

"ரெண்டாத்தான் போடணும் பாய்," என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஃபோனை வாங்கி, கால்குலேட்டரில் தானே அழுத்தினார்.

"விசயத்துலதான் என்னைச் சேக்கல. நஷ்டத்துலயாவது சேத்துக்கங்க."

ஆளுக்கு இரண்டாயிரத்து நானூறு. மொத்தம் ஏழாயிரத்து இருநூறு திர்ஹாம்.